"ரெஸ்ட்லெஸ்" என்று எழுதப்பட்ட அம்மா: ஆஸ்பத்திரி டிக்கட்டில் இடம் கிடைக்காத ஒரு வரலாறு

 

பதிவு கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஒரு பிளேன்டீயோடு ஆறுதலாக வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் உம்மம்மா ஓர் அரச வைத்தியசாலையின் பெண்கள் வார்டில் கடைசி நாட்களைக் கழித்தார். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். உம்மாவும் நாமும் மாறி மாறித் துணைக்கு நின்றோம். பக்கத்துக் கட்டிலில் ஒரு தோட்டத்து அம்மா. நாற்பது வருடம் கொழுந்து பறித்த கை என்பது விரல்களைப் பார்த்தாலே தெரியும். இரவு இரண்டு மணிபோல அந்த அம்மா போர்வையை இழுத்து எறிந்துவிட்டு எழும்பப் பார்த்தார். தாதி ஓடி வந்தார். சிங்களப் பிள்ளை, நம்மைவிடச் சின்னவர். அம்மா சொல்வது அவருக்கு விளங்கவில்லை. எங்களைத் திரும்பிப் பார்த்து, "நங்கி, அம்மா மொனவத கியன்னே?" என்று கேட்டார்.

அம்மா சொன்னது இதுதான்: "எம் மவென்கிட்ட சொல்லு தாயி. மாரியாத்தா கோயில் துன்னூறு கொண்டாரச் சொல்லு. அவன் கையால ஒரு வாய் பால் ஊத்தச் சொல்லு."

மொழிபெயர்த்துச் சொன்னோம். அந்தத் தாதி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றார். மகனின் நம்பரைத் தேடினார், கிடைக்கவில்லை. பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் வைத்தார். அம்மா அடங்கினார். தாதி போய் மேசையில் எழுதினார். பக்கத்தில் நின்றதால் கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில் இரண்டே சொல்: "ரெஸ்ட்லெஸ். ரீஅஷ்யூர்ட்." அமைதியின்றி இருந்தார், ஆறுதல் கூறப்பட்டது.

காலையில் தாதிமார் முறை மாறினார்கள். வந்தவர் அந்த இரண்டு சொல்லை வாசித்தார். அதிலே மகனும் இல்லை, விபூதியும் இல்லை, பாலும் இல்லை. எட்டரை மணிக்கு அம்மா காலமானார். மகன் வந்து சேர்ந்தபோது பத்து தாண்டிவிட்டது.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தத் தாதி செய்தது பெரிய காரியம். அவர் செய்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் ஏன் இவ்வளவு தூரம் என்ற கேள்விதான் எங்களை விடவில்லை. தேடி வாசித்தோம். தெரிந்துகொண்டதை ஒரு வரலாற்றுப் பாடம்போல உங்களுக்குச் சொல்கிறோம்.

📌 *தோட்டத்தில் மரணம் எப்படி எழுதப்பட்டது?*

பெரட்டுக்குப் பெயர், கொழுந்துக்கு நிறை, செக்ரோலுக்குச் சம்பளம் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்த இடம் மலைநாட்டுத் தோட்டம். ஆனால் கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த சனங்களில் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு ஒரு பெயர்கூட எழுதப்படவில்லை.

1872இல் பிரித்தானிய அரசு தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச் சட்டம் கொண்டு வந்தது. பின்னர் அது பல தடவை மாறி, 1912இல் புதிய சட்டம் வந்தது. மாவட்ட வைத்திய அதிகாரிகள், தோட்ட டிஸ்பென்சரிகள், தோட்ட ஆஸ்பத்திரிகள் எல்லாம் இந்த வழியில்தான் வந்தன. ஊவா தனி மாகாணமானது 1886இல். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதற்கு முன் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதென்றால் தோளில் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டும்.

தோட்டத்தில் நடந்த பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் பொறுப்பு துரையிடம் இருந்தது. பதிவில் பெயர், வயது, காரணம் என்று பத்திகள். காரணம் என்ற பத்தியில் வயிற்றோட்டம், பலவீனம், கொக்கிப்புழு என்று எழுதினார்கள். 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை இலங்கையில் தொடங்கியதற்கும் இப்படியான கணக்குகள்தான் பின்னணி. ஆகவே எழுத்து பயனில்லாதது என்று சொல்ல முடியாது. எண்ணியதால்தான் சில உயிர்கள் காப்பாற்றப்பட்டன. 1973, 74 பஞ்சக் காலத்தில் தோட்டங்களில் மரணம் எகிறியது என்று இன்று நாம் உறுதியாகச் சொல்ல முடிவதும் அந்த எண்ணிக்கையால்தான்.

ஆனால் அந்தப் பத்திகள் கேட்டது ஒரே கேள்வி: எதனால் செத்தார்? கடைசியில் என்ன கேட்டார், யாரைத் தேடினார், யார் பக்கத்தில் இருந்தார் என்று எந்தப் பத்தியும் கேட்கவில்லை. அதையெல்லாம் நினைவில் வைத்திருந்தது லயத்துக் கிழவிகளும் ஒப்பாரியும்தான்.

📌 *பக்கத்தில் இருப்பது புதிய விஷயமல்ல*

மரணிப்பவரின் மனதையும் ஆத்மாவையும் கவனிப்பது மேல்நாட்டுக்காரர் கண்டுபிடித்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஹிஜ்ரி 5, கந்தக் யுத்தத்தில் ஸஃத் இப்னு முஆத் (ரழி) அம்பு பட்டுக் காயமடைந்தார்கள். மதீனாப் பள்ளிவாசலில் ருபைதா அல் அஸ்லமிய்யா (ரழி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் அவரைச் சேர்த்தார்கள். நபி (ஸல்) அவர்கள் காலையும் மாலையும் வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள். அந்தக் காயத்திலேயே ஸஃத் (ரழி) மரணித்தார்கள். மருந்து முடிந்த பிறகும் விசாரிப்பு முடியவில்லை என்பது அந்தச் சம்பவத்தில் நமக்குள்ள பாடம்.

1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மன்சூரி மருத்துவமனையின் வக்பு ஆவணத்தில், அங்கு இறப்பவரைக் குளிப்பாட்டி, கபனிட்டு, அடக்கம் செய்யும் செலவும் சேர்க்கப்பட்டிருந்தது. ஏழையின் மரணத்துக்கும் எழுத்தில் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள்.

நம் பௌத்த அயலவர்களிடமும் இது உண்டு. வயிற்றோட்டத்தால் தன் அசுத்தத்திலேயே கிடந்த ஒரு பிக்குவை, புத்தரும் ஆனந்தரும் தங்கள் கையால் கழுவித் தூக்கிப் படுக்க வைத்த கதை விநயபிடகத்தில் இருக்கிறது. கத்தோலிக்கருக்கு நோயில் பூசுதல் என்ற அருட்சாதனம். இந்துக்களுக்கு விபூதி, பால், தேவாரம். நமக்குக் கலிமா, யாஸீன், கிப்லா. ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் இத்தனையும் நடக்கும் மாகாணம் நம்முடையது.

📌 *தாதி எழுதத் தொடங்கியது*

கிரிமிய யுத்தத்தில் ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரியில் வேலை செய்த புளோரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கோடு நடந்த அம்மையார் என்றுதான் நாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அவர் கணக்கு எழுதியவர், புள்ளிவிபரப் படம் வரைந்தவர் என்பதைப் பாதிப் பேர் சொல்வதில்லை. இறந்த சிப்பாய்களின் வீடுகளுக்குக் கடிதம் எழுதியவரும் அவர்தான். 1859இல் வந்த அவருடைய தாதியியல் நூலில் இரண்டு அத்தியாயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று நோயாளியை உற்றுக் கவனிப்பது பற்றியது. மற்றது, ஒன்றுமில்லை, சுகமாகிவிடும் என்று நோயாளியிடம் வெறும் பேச்சுப் பேசுவதைக் கண்டிப்பது.

இலங்கையில் 1886இல் பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரிகள் கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர்களிடம் செபமும் சேவையும் ஒன்றாகவே நடந்தன. 1939இல் கொழும்பில் தாதியர் பயிற்சிப் பாடசாலை உருவானது. 1960களில் அரச ஆஸ்பத்திரிகளிலிருந்து கன்னியாஸ்திரிகள் விலக நேர்ந்தது. தாதியம் முழுமையான அரச தொழிலானது. அது எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்த நல்ல மாற்றம். ஆனால் ஆத்மா விஷயம் யாருடைய வேலை என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு தெளிவான பதில் இல்லாமல் போனது.

நம் ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் எல்லா விபரமும் போவது பெட் ஹெட் டிக்கட்டில். டிக்கட் வெட்டியாச்சு என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று நமக்கெல்லாம் தெரியும். காய்ச்சல், பிரஷர், மருந்து, சேலைன், சிறுநீர் அளவு எல்லாம் எழுத்தில் ஏறும். எழுதாதது செய்யப்படாதது என்று தாதியருக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். அப்படியென்றால் கை பிடித்து நின்ற அரை மணி நேரம் செய்யப்படாததா?

📌 *ஒரு ஜன்னலின் கதை*

இந்தக் கேள்வியை உலகத்துக்கு முன் வைத்தவர் லண்டனைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். முதலில் தாதி, பிறகு ஆஸ்பத்திரி சமூக சேவகி, பிறகு டாக்டர். 1948இல் அவர் கவனித்த ஒரு நோயாளி டேவிட் டாஸ்மா. வார்சோவிலிருந்து வந்த யூதர், சொந்தம் என்று பக்கத்தில் யாருமில்லை. இப்படிப்பட்டவர்களுக்காக ஓர் இல்லம் கட்ட வேண்டும் என்று இருவரும் பேசிக்கொள்வார்கள். அவர் மரணிக்கும்போது, அந்த இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்று சொல்லி 500 பவுண் எழுதி வைத்தார். 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம் திறக்கப்பட்டது. இன்று உலகம் முழுவதும் உள்ள நோய்த்தணிப்புப் பராமரிப்பு அங்கிருந்துதான் வளர்ந்தது.

சாண்டர்ஸ் நோயாளிகளின் பேச்சைக் கேட்டு, எழுதி, டேப்பிலும் பதிந்து வைத்தார். அதிலிருந்து அவர் கண்டது: மரணிப்பவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை. மனதில் உண்டு, குடும்பக் கவலையில் உண்டு, ஆத்மாவில் உண்டு. நாலும் சேர்ந்ததுதான் முழு வலி. கேட்டு எழுதியதால்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

1978இல் அமெரிக்கத் தாதியர், தாங்கள் இனங்காண வேண்டிய பிரச்சினைகளின் பட்டியலில் ஆன்மிகத் துயரையும் சேர்த்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2002இல் தந்த வரைவிலக்கணத்திலும் உடல், உளம், சமூகம், ஆன்மிகம் என்று நான்கும் வந்தன. இலங்கையிலும் 2019 முதல் 2023 வரைக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்புத் தேசிய மூலோபாயச் சட்டகம் ஒன்று வெளியானது.

ஆனால் எழுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. இங்கிலாந்தில் லிவர்பூல் பராமரிப்புப் பாதை என்று ஒன்று 1990களின் கடைசியில் வந்தது. மரணிப்பவருக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் படிவமாக்கினார்கள். மதத் தேவை கேட்கப்பட்டதா என்பதற்கும் ஒரு பெட்டி. நோக்கம் நல்லது. போகப்போக சில இடங்களில் ஆளைப் பார்க்காமல் பெட்டிக்குச் 'சரி' போடும் வேலையாக அது மாறிவிட்டது. குடும்பங்கள் முறையிட்டன. 2013இல் ஜூலியா நியூபெர்கர் அம்மையார் தலைமையிலான விசாரணை அதைக் கைவிடச் சொன்னது. பத்தி இல்லாவிட்டால் பராமரிப்பு மறைந்துபோகும். பத்தி மட்டும் இருந்தால் மனிதன் மறைந்துபோவான்.

📌 *நமக்கு வலித்த காலம்*

இதெல்லாம் தூரத்து விஷயம் என்று நினைத்தால் கொவிட் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி கொவிட் ஜனாஸாக்களை எரிக்கக் கட்டாயப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அடக்கத்தையும் அனுமதித்திருந்தும் இது நடந்தது. 2021 பெப்ரவரி 25இல்தான் அது மாறியது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அந்தப் பத்து மாதத்துக்கு மேலான காலம் நமக்குச் சொன்னது ஒன்று: மரணிப்பவரின் நம்பிக்கை வெறும் சடங்கு அல்ல, அது அவருடைய உரிமை.

ஆனால் ஒரு விஷயத்தை நம்மை நாமே கேட்க வேண்டும். நம் உம்மாவுக்குக் கலிமா சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று துடிக்கும் நாம், பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு விபூதி வேண்டும் என்பதில் அதே துடிப்பைக் காட்டுகிறோமா? உரிமை என்றால் இரண்டு கட்டிலுக்கும் ஒன்றுதான்.

📌 *மொழி என்ற சுவர்*

நம் மாகாணத்தில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு வேர் உண்டு. தாதியரில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுபவர்கள். தோட்டத்து நோயாளிக்குத் தமிழ். டிக்கட்டில் ஆங்கிலம். அம்மாவின் வார்த்தை இரண்டு சுவர் தாண்டித்தான் தாளுக்கு வர வேண்டும். வந்து சேரும்போது "ரெஸ்ட்லெஸ்" என்ற ஒரு சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. அந்தச் சொல்லுக்குள் வலி இருக்கலாம், சிறுநீர் அடைப்பு இருக்கலாம், மகனைத் தேடும் மனசும் இருக்கலாம். எது என்று தெரியாவிட்டால் தூக்க மருந்துதான் பதிலாகும்.

1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1999இல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் வந்தன. சட்டம் வந்தது. ஆள் வரவில்லை. ஏன்?

1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட சமூகம் அது. பிரஜாவுரிமை இல்லாமல் அரச வேலை இல்லை, ஆகவே தாதி வேலையும் இல்லை. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் பலரைக் கப்பலேற்றியது. மிஞ்சியவர்களின் பிரச்சினை 2003 சட்டத்தோடுதான் பெருமளவில் தீர்ந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். எத்தனை தோட்டப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம் இருக்கிறது? எங்கள் முஸ்லிம் பாடசாலைகளின் நிலை மட்டும் என்ன, பெரிய வித்தியாசமா? அந்த அம்மாவின் வார்த்தை தாளில் வராமல் போனதற்கு ஒரு காரணம், அந்த அம்மாவின் பேத்தி அந்த மேசையில் உட்கார முடியாமல் போனதுதான்.

📌 *என்ன செய்யலாம்?*

கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றோர் ஒரு சின்ன கிளினிக்காகத் தொடங்கினார்கள். பிறகு மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அயலவர்களே தொண்டர்களாகித் தாதியோடு வீடு வீடாகப் போனார்கள். முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் எல்லோரும் சில்லறைக் காசு போட்டு நடத்தினார்கள். 2008இல் மாநில அரசே அதற்கென ஒரு கொள்கை வகுத்தது. பெரிய பணக்கார நாடு செய்ததல்ல. நம்மைப் போன்ற சனங்கள் செய்தது.

நம் ஊரில் ஜனாஸா சங்கம் இல்லாத மஹல்லா இல்லை. மரணத்துக்குப் பின் நாம் கெட்டிக்காரர். மரணத்துக்கு முன்னுள்ள அந்த இரண்டு வாரத்துக்குத்தான் நம்மிடம் சங்கம் இல்லை. எங்கள் யோசனைகள் மூன்று.

1️⃣ வீட்டில் கடும் நோயாளி இருந்தால் ஒரு தாளில் எழுதி டிக்கட்டோடு வைக்கும்படி தாதியிடம் கொடுங்கள். என்ன மொழி பேசுவார், என்ன மார்க்கம், கடைசி நேரத்தில் என்ன வேண்டும், எதை விரும்பமாட்டார், இரவில் யாரைக் கூப்பிட வேண்டும், நம்பர் என்ன. சிங்களத்திலும் தமிழிலும். அந்தரங்கமான எதையும் எழுத வேண்டாம். நோயாளிக்கு நினைவு இருந்தால் அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

2️⃣ பள்ளி நிர்வாகம், கோயில் சபை, விகாரை, தேவாலயம் சேர்ந்து, ஆஸ்பத்திரியின் அனுமதியோடு, இரவில் அழைத்தால் தொலைபேசியிலாவது மொழிபெயர்க்கக்கூடிய பத்துப் பேரின் பட்டியலை வார்டுகளுக்குக் கொடுக்கலாம். இதற்குப் பணமே தேவையில்லை.

3️⃣ உங்கள் பிள்ளைகளில் விஞ்ஞானம் வரும் பிள்ளையைத் தாதியத்துக்கும் ஊக்கப்படுத்துங்கள். டாக்டர், இன்ஜினியர் மட்டும்தான் படிப்பு என்ற எண்ணத்தை விடுவோம்.

தாதிமாருக்கும் ஒரு வேண்டுகோள், இதை வாசித்தால். நாற்பது நோயாளிக்கு இரண்டு பேராக நிற்கும் உங்கள் கஷ்டம் தெரியும். நீளமாக எழுதச் சொல்லவில்லை. "இரவு 2 மணி. மகனைக் கேட்கிறார். கோயில் விபூதியும் பாலும் வேண்டுமாம். தமிழ் மட்டும். மகன் நம்பர் தேட வேண்டும். கை பிடித்ததும் அடங்கினார்." இவ்வளவுதான். இருபது சொல்கூட இல்லை. காலையில் வருபவர் இதை வாசித்தால் ஆறரை மணிக்கே தோட்ட ஒபிசுக்கு ஒரு கோல் போயிருக்கும். மகன் வந்திருப்பார்.

அந்த மகன் வந்தபோது எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "அம்மா ஏதாச்சும் சொன்னுச்சா டீச்சர்?" சொன்னோம். துன்னூறு கேட்டதைச் சொன்னோம். உன் கையால் பால் கேட்டதைச் சொன்னோம். ஒரு தாதி கைபிடித்து நின்றதையும் சொன்னோம். அவர் சுவரில் சாய்ந்து அழுதார். பிறகு அந்தத் தாதியைத் தேடினார், நன்றி சொல்ல. அவர் டியூட்டி முடிந்து போயிருந்தார்.

அன்றைக்கு அந்த வரலாற்றுக்கு இருந்த ஒரே பதிவு நாம்தான். நாம் அங்கே நிற்காவிட்டால் அதுவும் இல்லை.

எங்கள் உம்மம்மா நான்கு நாள் கழித்து மௌத்தானார். கலிமா சொல்லிக் கொடுக்க நாங்கள் இருந்தோம், அல்ஹம்துலில்லாஹ். இருவருக்கும் உங்கள் உங்கள் முறையில் பிரார்த்தியுங்கள். உங்கள் வீட்டில் இப்படி அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள், ஆஸ்பத்திரி பெயரோ ஆள் பெயரோ போடாமல். பட்டியலில் பெயர் கொடுக்க விரும்பும் சிங்களமும் தமிழும் தெரிந்தவர்கள் உட்பெட்டியில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகத்தோடு பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.